குளிர்காலத்திற்கு ஒரு புதிய பானம்

மார்கழி பிறந்துவிட்டால் நெசவாளர் தெருக்களின் ஒழுங்கே மாறிவிடுகிறது. இன்னும் தெருவில் பாவு தோய்க்கும் ஊர்களில், பனி விலகி வெயில் ஏறும்வரை பாவை விரிக்க இயலாது. விரித்துக் கஞ்சி தோய்த்தாலும் உலராது. காலையில் இழந்த நேரத்தை இரவில் ஈடு செய்ய வேண்டியிருக்கிறது. பொங்கல் விற்பனைக்கு உரிய சேலைகளைக் குறித்த நாளில் சங்கத்தில் ஒப்படைக்க வேண்டுமே என்னும் கவலை வேறு. விளக்கொளியில், குழித்தறியில் கால்களை இறக்கி நெடுநேரம் அமர்ந்திருக்கும் நெசவாளருக்கு அந்நாட்களில் உற்ற துணை சூடான தேநீரே ஆகும். நாள் ஒன்றுக்கு ஆறு, ஏழு குவளை குடிப்போரையும் நமது சுற்றுப் பயணங்களில் கண்டிருக்கிறோம்.

தேநீர் மீது நமக்கு யாதொரு பகையும் இல்லை. நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வாழ்வளித்து வருவதைக் கூட்டுறவாளர் எவரும் மறவார். 1962-ஆம் ஆண்டு குந்தாவில் முதல் தொழிற்சாலை எழுந்தது. 1965-இல் அவற்றிற்கெல்லாம் தலைமைச் சங்கமாக இண்ட்கோசர்வ் தோன்றியது. ஆயினும், எதற்கும் ஓர் அளவு உண்டு. தேயிலையில் உள்ள காஃபீன் என்னும் பொருள் பகலில் சோர்வை ஓட்டுகிறது. இரவிலோ உறக்கத்தையும் உடன் ஓட்டிவிடுகிறது. மேலும், தேயிலையின் துவர்ப்புச் சத்து, உணவோடு சேர்த்துக் குடிக்கும்போது தானியங்களிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. சோறுண்ட கையோடு தேநீர் அருந்தும் வழக்கம், இரத்தச் சோகைக்கு எளிதில் இலக்காகும் நம் பெண்மக்களுக்கு நன்மை பயப்பதன்று.

ஆகவே, இரவில் அருந்தத்தக்க வேறு சூடான பானம் ஏதேனும் உண்டா என்று நாம் எண்ணிக்கொண்டிருந்த வேளையில், சென்ற மார்கழியில் புதிய பொருள் ஒன்று நம் கைக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றைச் சார்ந்த நண்பர், தாயகம் வந்தபோது சில பொட்டலங்களை நம்மிடம் அளித்துச் சென்றார். அதன் பெயர் ரோய்போஸ். அதைக் குடித்துப் பார்த்த வகையையும், அதன் வரலாற்றிலிருந்து நம் சங்கங்கள் அறியத்தக்கவற்றையும் இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

செம்புதர் என்பது யாது?

ரோய்போஸ் என்பது ஆஃப்ரிகான்ஸ் மொழிச் சொல். அதற்குச் 'சிவப்புப் புதர்' என்பது பொருள். நாம் செம்புதர் என்று அழைக்கலாம். இது தேயிலைச் செடியன்று. தேயிலைக்கு உறவும் அன்று. துவரை, அவுரி, ஆவாரை ஆகியவை அடங்கிய அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவர நூலார் இதனை அஸ்பலாத்தஸ் லினியாரிஸ் என்பர். ஊசிபோன்ற மெல்லிய இலைகளும், சிறு மஞ்சள் பூக்களும், ஆழ்ந்து செல்லும் ஆணிவேரும் உடையது. கேப் டவுன் நகருக்கு வடக்கே சிடர்பெர்க் மலையையும் அதனைச் சுற்றிய மணற்பாங்கான நிலங்களையும் அன்றி, உலகில் வேறெங்கும் இது வாணிக அளவில் விளைவதில்லை.

அந்நிலப் பகுதியில் மழை பெய்வது குளிர்காலத்தில். அவர்களுடைய குளிர்காலமோ ஜூன் முதல் ஆகஸ்டு வரை. நாம் போர்வைக்குள் ஒடுங்கும் தை மாதத்தில் அங்கே கடுங்கோடை. அதுவே அறுவடை தொடங்கும் காலமும் ஆகும். கிளைகளை அறுத்துக் கட்டுகளாகக் களத்திற்குக் கொணர்ந்து, சிறு துண்டுகளாக நறுக்கி, நசுக்கி, நீர் தெளித்துக் குவித்து வைப்பர். ஓர் இரவு கழிவதற்குள் காற்றின் செயலால் பச்சை நிறம் மாறிச் செந்நிறமும் தேனையொத்த மணமும் தோன்றும். பின்னர்க் களத்தில் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் உலர்த்துவர். பச்சிலையைச் சாயமாக்க அவுரித் தொட்டியில் நிகழும் மாற்றத்தைக் கேட்டறிந்த நம் நெசவாளருக்கு, ஒரு செடியின் நிறம் இவ்வாறு ஓரிரவில் மாறுவது புதுமையாகத் தோன்றாது.

சுவைத்துப் பார்த்த வகை

கொங்கு நாட்டில் நமது தணிக்கைக்கு உட்பட்ட நெசவாளர் சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழுக் கூட்டம் மாலையில் முடிந்தபின், இப்பானத்தை நான்கு வகையாகத் தயாரித்து அங்கத்தினர்களுக்கு வழங்கினோம். ஒரு குவளைக்குத் தேக்கரண்டி ஒன்று என்பது அளவு.

முதலாவது, கொதிக்கும் நீரில் இட்டு மூடி, ஐந்து நிமிடம் கழித்து வடித்துச் சர்க்கரையின்றிக் கொடுத்தது. நிறத்தைக் கண்டவுடன் முதிய நெசவாளர் ஒருவர், "நிறம் நன்றாக ஏறுதுங்க ஐயா, காரந்தான் காணோம்" என்றார். சாயம் அறிந்தவரின் தீர்ப்பு அது. அவர் சொல்லில் பிழையில்லை. வாயைப் பிடித்திழுக்கும் துவர்ப்பு இதில் குறைவு. அதுவே இதன் நிறையும் குறையும் ஆகும்.

இரண்டாவது, பாலும் சர்க்கரையும் சேர்த்தது. இது யாரையும் கவரவில்லை. பால் மிகுந்தால் பானத்தின் மணம் அமிழ்ந்துவிடுகிறது. மூன்றாவது, இஞ்சி தட்டிப் போட்டு நன்கு கொதிக்க வைத்தது. தேயிலையை நெடுநேரம் கொதிக்கவிட்டால் கசக்கும், செம்புதர் கசப்பதில்லை. அடுப்பில் மறந்து விட்டாலும் கெடாத பானம் என்று பெண்கள் இதனைப் பாராட்டினர். நான்காவது, சுக்கும் கருப்பட்டியும் சேர்த்தது. அன்று மாலையில் மீதமின்றித் தீர்ந்த பாத்திரம் அதுவேயாகும். கருப்பட்டியின் கருமையும் செம்புதரின் தேன்மணமும் ஒன்றுக்கொன்று இசைந்து நின்றன.

பின்னர், ஐந்து குடும்பத்தார் சிறு பொட்டலங்களைப் பெற்றுச் சென்று பதினைந்து நாட்கள் இரவில் அருந்தினர். நள்ளிரவுவரை விழித்து நெய்ய வேண்டியவர்கள் விரைவிலேயே தேநீருக்குத் திரும்பிவிட்டனர். அவர்களைக் குறை கூற இயலாது. விழிப்பைத் தரும் காஃபீன் இதில் அறவே இல்லை. ஆனால் முதியோரும், மாலையில் தேநீர் கேட்டு அழும் சிறுவர்களும், உறக்கமின்மையால் வருந்துவோரும் இதனை விரும்பினர். தார் சுற்றும் அம்மையார் ஒருவர், "ராத்திரி குடித்தும் தூக்கம் கெடலைங்க, எனக்கு அது போதும்" என்றார்.

மருந்து என்று மயங்கலாகாது

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். புதிய மூலிகைப் பானம் எதுவாயினும், அது பல நோய்களைத் தீர்க்கும் என்ற விளம்பரம் அதற்கு முன்னரே வந்து நிற்கிறது. செம்புதர் குறித்தும் அத்தகைய பேச்சு உண்டு. காஃபீன் இல்லை, துவர்ப்புச் சத்து குறைவு என்னும் இரண்டையும் நாம் உறுதியாகக் கூறலாம். அதற்கு மேல், இஃது எந்நோயையும் தீர்க்கும் என்று கூறுவதற்கு இல்லை.

நீரிழிவு முதலான நோய்களைத் தீர்ப்பதாகப் பொருள்களை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரப் பரிகாரங்கள் சட்டம் தடை செய்கிறது. ஆயினும், ஏதோ ஒரு பூவையோ இலையையோ காய்ச்சிக் குடித்தால் போதும் என்று நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடுவோர் நம் சங்கத்து அங்கத்தினரிடையேயும் உள்ளனர். இதனால் கண்பார்வையும் காலும் இழக்க நேரிடும். பானம் பானமாகவே இருக்கட்டும்; மாத்திரையை நிறுத்தும் உரிமை மருத்துவர் ஒருவருக்கே உண்டு.

ஒரு விவசாயியின் கேள்வி

சுவைத்துப் பார்த்த அன்று, மேட்டு நிலம் உடைய அங்கத்தினர் ஒருவர் எழுந்து கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. "எங்கள் கரட்டிலே ஆவாரை தன்னால் பூத்துத் தன்னால் உதிருதுங்க, கேட்பாரில்லை. இதுவும் கரட்டுச் செடிதானே? இதற்கு மட்டும் கடல் தாண்டி இத்தனை விலை வருவானேன்?" என்றார்.

நியாயமான கேள்வி. இறக்குமதியாகும் செம்புதரின் விலை, நாம் வாங்கும் தேயிலைத் தூளின் விலையைப் பன்மடங்கு விஞ்சியது. அதனை நமது பண்டகசாலைகளில் வாங்கி வைப்பது பொருத்தமன்று என்பதே அச்சங்கத்து நிர்வாகக் குழுவின் முடிவு. நமது முடிவும் அதுவே. ஆயின், விலை ஏன் வந்தது என்பதற்கு விடை அச்செடியின் வரலாற்றில் இருக்கிறது.

சிடர்பெர்க் மலையில் வாழ்ந்த கொய், சான் மரபு மக்களே இச்செடியின் பயனை முதலில் அறிந்தவர்கள். 1904-ஆம் ஆண்டளவில், தேயிலை வாணிகக் குடும்பத்தில் பிறந்த பெஞ்சமின் கின்ஸ்பெர்க் என்பவர், மலைவாழ் மக்கள் கொணர்ந்த இலையை வாங்கி வெளியூர்ச் சந்தைக்கு அனுப்பத் தொடங்கினார். அக்காலத்தில் செடி காட்டிலிருந்தே கிடைத்தது. பயிரிடலாமெனில் விதை முளைப்பது அரிது. பழுத்தவுடன் காய் வெடித்து விதை சிதறிவிடுவதால் சேகரிப்பதும் அரிது. 1930-ஆம் ஆண்டுகளில் கிளான்வில்லியம் ஊரின் மருத்துவர் நார்டியே, கடினமான விதைத் தோலைக் கீறினால் முளைக்கும் என்று கண்டறிந்தார். எறும்புகள் விதைகளை இழுத்துச் செல்வதைக் கவனித்த உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் எறும்புப் புற்றிலிருந்து விதைகளைத் திரட்டித் தந்தார் என்னும் கதை அங்கு இன்றும் வழங்கி வருகிறது.

பயிர் பெருகியது, விலையும் ஏறி இறங்கியது. 1954-இல் செம்புதர்க் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்து தரத்தையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்தியது. 1993-இல் அது தனியார் நிறுவனமாக மாறிற்று. இவ்வளவு காலமும், செடியின் பயனை முதலில் அறிந்தவரின் வழிவந்தோர் பெற்றது என்ன? நிறவெறி ஆட்சியில் நல்ல நிலமும் கடனும் வெள்ளையருக்கே எட்டின. மலைச் சரிவுகளில் இருந்த ஏழை விவசாயிகள் கூலிகளாகவோ, இடைத்தரகர் வைத்த விலைக்கு இலையை விற்போராகவோ வாழ்ந்தனர். பெருவணிகரிடம் நூலும் பாவும் பெற்று அவர் கொடுத்த கூலியைக் கைநீட்டி வாங்கிய பழைய நெசவாளரின் நிலையை இது நமக்கு நினைவூட்டவில்லையா?

பதினால்வர் கூடிய சங்கம்

2001-ஆம் ஆண்டு, வட கேப் மாநிலத்தின் நியூவூட்வில் ஊரை அடுத்த வறண்ட மேட்டு நிலத்தில், சிறு விவசாயிகள் 14 பேர் கூடி ஹைவெல்டு கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். தனித்தனியே தரகருக்கு விற்ற இலையை ஒன்றுசேர்த்துத் தரம் பிரித்துத் தம் சங்கத்தின் பெயரில் விற்றனர். இரசாயன உரமிடாத விளைபொருள் என்ற சான்றையும், உழைப்பவருக்கு நியாய விலை தரும் நேர்மை வாணிகச் சான்றையும் பெற்றனர். இடையில் நின்றவரைத் தவிர்த்து வெளிநாட்டுச் சந்தையை எட்டினர்.

அவர்களுக்கு இடையூறு இல்லாமலில்லை. வறட்சி அடிக்கடி வருத்தும் நிலம் அது. ஆயினும், காட்டில் தானே வளரும் செம்புதர் பயிரிட்ட வகையைவிட வறட்சியை நன்கு தாங்குவதை அவர்கள் அறிந்திருந்தனர். அதனை வேரோடு அழிக்காமல், ஒரு முறை அறுத்தபின் புதர் தேறுவதற்கு இடைவெளி விட்டு அறுக்கும் முறையைப் போற்றி வருகின்றனர். இன்று கிடைக்கும் இலாபத்திற்காக நாளைய செடியை வெட்டாதிருத்தல் என்பது, சேமநிதி ஒதுக்கும் கூட்டுறவுக் கொள்கையின் மற்றொரு வடிவமே அன்றோ?

பெயரைக் காப்பதும் எளிதாக இருக்கவில்லை. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டு ஒரு நிறுவனம் 'ரோய்போஸ்' என்னும் பொதுச் சொல்லையே தனது வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டது. நெடிய வழக்கிற்குப் பிறகு 2005-இல் அப்பதிவு கைவிடப்பட்டது. 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் அப்பெயரை, குறித்த அந்நிலப் பகுதியில் விளைந்த இலைக்கு மட்டுமே உரியதாக ஏற்றுக்கொண்டது. காஞ்சிபுரம் பட்டிற்குப் புவிசார் குறியீடு பெற்ற நமக்கு இப்போராட்டத்தின் அருமை நன்கு விளங்கும். அதற்கு முன், 2019-ஆம் ஆண்டு நவம்பரில் மற்றொரு நல்ல ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. செடியின் அறிவுக்கு உரியோரான கொய், சான் மக்களுக்கு, விளைநிலத்தில் தரும் விலையின் மீது நூற்றுக்கு ஒன்றரை வீதம் பதப்படுத்தும் நிறுவனத்தார் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். நூறு ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய் சிறு தொகைதான். எனினும், முன்பு அவ்விடத்தில் சுழியமே இருந்தது.

ஆகவே, அவ்விவசாய அன்பருக்கு நாம் கூறும் விடை இதுவே: செம்புதருக்கு விலை வந்தது அது கடல் தாண்டியதால் அன்று. பறித்தல், பதப்படுத்தல், தரம் பிரித்தல், பெயர் காத்தல் என்னும் நான்கும் அதன் பின்னால் நின்றன. அந்நான்கும் உழைப்பவர் கையில் இல்லாத காலத்தில் விலை வேறொருவர் பைக்குச் சென்றது. சங்கம் அமைந்தபின் ஒரு பகுதியேனும் அவர்கள் வீட்டிற்கு வந்தது.

நம் சங்கங்கள் கருதத்தக்கவை

செம்புதரை இங்கே பயிரிட முயல வேண்டா. அதன் மண்ணும் மழையும் வேறு. நம் மேட்டு நிலங்களில் ஆவாரை இருக்கிறது; வேலியோரங்களில் முருங்கை இருக்கிறது; வீட்டு முற்றங்களில் துளசி இருக்கிறது. பொங்கற் காப்புக்கட்டில் வேப்பிலையோடும் சிறுபீளையோடும் ஆவாரம்பூவை வைக்கும் நாம், மறுநாளே அதனை மறந்துவிடுகிறோம்.

பயிரிடுவோர் சங்கங்கள் இதனைச் சிறு அளவில் தொடங்கிப் பார்க்கலாம். சில விதிகளை மட்டும் கைவிடலாகாது. சாலையோரத்துப் புகை படிந்த செடியில் பூப் பறித்தல் கூடாது. பறிக்கும் செடியிலும் ஒரு பகுதிப் பூவை விதைக்கென விட்டுவிட வேண்டும். தூய துணியில் பரப்பி நிழலில் உலர்த்துதல் நலம். மார்கழிப் பனியில் இரவு முழுதும் வெளியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஆதலால் வெயில் ஏறியபின் பரப்பிப் பொழுது சாயுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். பாவு உலர்த்தத் தெரிந்த ஊருக்கு இதனைக் கற்பிக்க வேண்டுவதில்லை. விற்பதற்கு முன், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்படி பதிவோ உரிமமோ பெறுதல் கட்டாயமாகும்.

எடையைக் கூட்டுவதற்காக வேறு இலையைக் கலப்பது அனைத்திலும் கொடிய குற்றம். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், கம்பளி நெசவாளர் முதலானோர் 28 பேர் ஒரு பவுன் வீதம் திரட்டிய மூலதனத்தோடு தம் கடையைத் திறந்தனர். அதுவும் ஒரு குளிர்கால மாலையே. மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி ஆகிய சிலவே அன்று அவர்களிடம் இருந்தன. சில மாதங்களில் தேயிலையும் விற்பனைக்கு வந்தது. பயன்படுத்தி உலர்த்திய பழைய இலையையும் வேலியோரத்து இலைகளையும் தேயிலையில் கலந்து விற்ற வணிகர் மலிந்த காலம் அது. கலப்படமற்ற பொருள், சரியான எடை என்னும் இரண்டையுமே அக்கடை தன் விளம்பரமாகக் கொண்டது. உலகக் கூட்டுறவு இயக்கம் அந்த நாணயத்தின் மீது எழுந்ததே.

இந்தக் குளிர்காலத்தில் வீட்டில் சுக்கும் கருப்பட்டியும் சேர்த்து ஒரு கைப்பிடி ஆவாரம்பூவையோ துளசியையோ கொதிக்க வைத்து, இரவுத் தேநீருக்குப் பதிலாக ஒரு வாரம் அருந்திப் பாருங்கள். மருந்துண்போரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக. பிடித்திருப்பின், அடுத்த பொதுப் பேரவைக் கூட்டத்தில் அதனை ஒரு பொருளாக வைத்து ஆராயுங்கள். பொட்டலம் போடும் நாள் வருமாயின், செடியின் பெயர், உலர்த்திய நாள், நிகர எடை, உலர்த்திய சங்கத்தின் பெயர் ஆகிய நான்கையும் அதன்மீது தெளிவாக அச்சிடுங்கள். நோய் தீரும் என்னும் ஐந்தாவது வரி அங்கே வேண்டா.